ஹெரால்டை உயிர்ப்பித்த பட்டறை: தகர வேலைக்கு நம்பிப் போகலாம், மற்றதற்கு யோசிக்கவும்

1966ஆம் ஆண்டு பதிவான என்னுடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை, கோவையின் புறநகரில் பழைய கார்களை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு பட்டறையில் 14 மாதங்கள் விட்டிருந்து, சென்ற ஐப்பசியில் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். ஆண்டுக்கு நான்கு வண்டிகளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். குறைகளையும் சேர்த்து எழுதப் போகிறேன் என்பதால் எனக்கும் அதுவே வசதி.

இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டை, சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தன் பெயரில் தயாரித்தது. இந்திய வண்டிகளுக்குக் கடைசி வரை 948 சிசி எஞ்சின்தான். நான்கு கதவுகள் வந்தது 1968இல், அதனால் என்னுடையது இரண்டு கதவு வண்டி. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த இதன் உடல் ஒரே கூடாக இல்லாமல், தனிச் சேஸியின் (அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னால் கவிழும். ஒரு துண்டு துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிவிடலாம் என்பது வசதி. ஆனால் மறுபடி மாட்டும்போது ஒன்றோடொன்று கோடு சேராமல் நின்றால், எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தும் வண்டி கோணல்மாணலாகவே தெரியும். ஹெரால்டை எடுக்கும் பட்டறையின் தரத்தை எடைபோட அந்த இடைவெளிகளைப் பார்த்தாலே போதும் என்பது என் கணிப்பு.

முதல் நாளே எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அங்குள்ள மூத்த டிங்கர்தான். அவர் விலை எதுவும் பேசாமல், பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியை ஒரு முறை வலம் வந்தார். கூரையிலும் டிக்கியிலும் பிடித்த காந்தம், இடது கதவின் அடிப்பகுதிக்கு வந்ததும் வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. "இங்க தகரமே இல்லீங்க, பட்டிதான்" என்றவர், ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக நெம்பினார். சுண்டுவிரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து வந்தது. அதன் பின்னால், எந்தக் காலத்திலோ யாரோ ஓட்டையை அடைக்கக் கசக்கித் திணித்த செய்தித்தாள் பழுப்பேறி மக்கிக் கிடந்தது. நான் இந்த வண்டியை வாங்கியபோது "ஒரிஜினல் பாடி" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

பெயின்ட் முழுவதையும் சுரண்டி வெறும் தகரத்தைப் பார்த்த பிறகே மதிப்பீடு எழுதித் தருவோம் என்று சொன்னார்கள். சுரண்டும் வேலைக்கு மட்டும் முன்பணம் வாங்கினார்கள். இதற்கு முன் நான் விசாரித்த இரண்டு இடங்களில் புகைப்படத்தைப் பார்த்தே மொத்தத் தொகையைச் சொன்னார்கள் என்பதை நினைத்தால், இந்த முறையின் அருமை விளங்கும்.

தகர வேலையில் இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடலைச் சேஸியிலிருந்து தூக்குவதற்கு முன், இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டு, அந்தத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தார்கள். அப்படிச் செய்யாவிட்டால் தூக்கும்போது உடல் நடுவில் மடங்கி, பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாகச் சாத்தாது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடம் இது. சேஸியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கு கைகள் உளுத்துப் போயிருந்தன. அவற்றின் மேல் தகட்டை ஒட்டி மூடாமல், முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகட்டில் புதிதாக மடித்து வைத்தார்கள். பிரைமர் அடிப்பதற்கு முன்பே கதவு, டிக்கி, பானட் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து, மெல்லிய வாஷர்களை வைத்தும் எடுத்தும் இடைவெளியைச் சரி செய்தார்கள். நான் நின்று பார்த்த ஒரு சனிக்கிழமை மட்டும் அந்தப் பானட்டைப் பதினொரு முறை கவிழ்த்து மூடினார்கள். பன்னிரண்டாவது முறைக்கு முன் டீ வந்துவிட்டது.

நிறத்தைக் கண்டுபிடித்த விதமும் எனக்குப் பிடித்தது. வெளியில் இருந்த நீலம் பின்னாளில் யாரோ அடித்தது. டாஷ்போர்டைக் கழற்றியபோது, வெயிலே படாத அந்தத் தகரத்தில், ஆலையில் அடித்த வெளிர் பச்சை அப்படியே இருந்தது. அதைத் துடைத்து, அந்தச் சாயலுக்குக் கலந்தார்கள். மேலே நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் அடித்தால் பளபளப்பு கூடும் என்று பெயின்டர் ஆசைப்பட்டார். அந்தக் காலத்து வண்டிக்கு அந்தக் கண்ணாடி மினுக்கு பொருந்தாது என்று நான் மறுத்தேன், ஒப்புக்கொண்டார்.

உரிமையாளரோடு எனக்குப் பெரிய வாக்குவாதம் வந்தது எஞ்சினைப் பற்றித்தான். பழைய எஞ்சினை ஓரமாக வைத்துவிட்டு ஆம்னி எஞ்சினைப் பொருத்தலாம், மைலேஜும் கிடைக்கும், பாகங்களும் கிடைக்கும் என்பது அவர் யோசனை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டியைத்தான் 'விஏ' வரிசை எண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதிய முடியும். எஞ்சினை மாற்றிய பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பழைய வண்டிகளிலேயே பிழைப்பு நடத்தும் பட்டறைக்கு இதை வாடிக்கையாளர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது.

அந்த உறுத்தல் வீண்போகவில்லை. வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரம் முன்சக்கரத்தைக் கழற்றியபோது, கீழ்ப்பக்க டிரன்னியனின் ஓரத்தில் மஞ்சள் கிரீஸ் பிதுங்கி நிற்பதைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது செங்குத்தான இரும்புத் தண்டு, வெண்கலக் கட்டைக்குள் மரை வழியாகச் சுழலும் இடம் அது. அங்கே 90 கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் இடுக்குகளுக்குள் சரியாகப் பரவாமல் நாளடைவில் இறுகிவிடும். தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும். கடைசியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆயிலோ கிரீஸோ ஏற்றும் சிறு முனையான நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னை வைக்க வேண்டும் என்பது இங்குள்ள மெக்கானிக்கின் பழக்கம். இரண்டு பக்கமும் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஆயில் ஏற்றி முடிக்க எனக்கு ஒரு ஞாயிறு போனது.

பெட்ரோல் குழாயிலும் இதே அசட்டை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காத சாதாரண ரப்பர் குழாயைப் போட்டிருந்தார்கள். மூன்றே மாதத்தில் அது மெத்தென்று ஊதி, ஷெட்டில் பெட்ரோல் வாசம் அடித்தது. கேட்டதும் மறுக்காமல் வேறு குழாய் அனுப்பிவைத்தார்கள் என்றாலும், எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் போகும் ஒரு பொருளை இவ்வளவு அலட்சியமாகத் தேர்ந்தெடுத்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆறு மாதம் என்று சொன்ன வேலை 14 மாதமானதில், பம்பர் முலாம் பூச வெளியே கொடுத்த இடத்தில் மட்டும் இரண்டு மாதம் போனது. தகரம், பெயின்ட் இரண்டுக்கும் சேர்த்து எனக்கு 2,80,000 ரூபாய் ஆனது. எழுதித் தந்த மதிப்பீட்டைவிட 20,000 கூடுதல், அதற்கும் விவரம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன, ஒரு வாரம்கூடத் தவறவில்லை. என்னைக் கேட்டால், உடல் வேலைக்கு இங்கே விட்டுவிட்டு, எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும் அந்தந்த வண்டியைப் பழகிய வேறு கையில் கொடுப்பேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள், வண்டியின் பராமரிப்புக் கையேட்டை அச்செடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, அவர் அதைப் பிரித்துப் பார்க்கிறாரா என்று அடிக்கடி போய்க் கவனிப்பது நல்லது.

போன வாரத்து மழையில் முன்கண்ணாடி ரப்பரின் வலது மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, புதிதாகத் தைத்த மிதியடியை நனைத்துவிட்டது. தொலைபேசியில் சொன்னேன், காசு வேண்டாம், பொங்கல் கழிந்து வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார் உரிமையாளர். அதுவரை அந்த மூலையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.