மதுராந்தகம் பக்கம் மனை, ஃப்ரீ சைட் விசிட்: 5க்கு 3

வேன் நல்லா இருந்துச்சு, பேப்பர் நல்லா இருந்துச்சு, சாப்பாடு கூட பரவால்ல, ஆனா இத "இன்வெஸ்ட்மென்ட்"னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்து வரல. கம்பெனி பேரு போடல, செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி ரோடுல எந்த மனைப்பிரிவு ஆர்ச்சுக்குள்ள போனாலும் பாதி கதை இதேதான், அதனால புதுசா மனை வாங்க போறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

சித்தப்பா பையன் கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, முதல் தடவையா இடம் வாங்கி போடலாம்னு ஆசை, "அண்ணா நீங்களும் வாங்க, தனியா போனா அட்வான்ஸ் குடுத்துட்டு தான் வருவேன்"னான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வெளிய ஏத்திக்கிட்டாங்க. ஏசி, தண்ணி பாட்டில் எல்லாம் உண்டு. வழி முழுக்க பரந்தூர்ல வரப்போற ஏர்போர்ட்டு, ஒரகடம் ஃபேக்டரிங்கன்னு ஒரே பாட்டு. பரந்தூருக்கும் மதுராந்தகத்துக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்டா "எல்லாம் டெவலப்மென்ட்டு தான் சார்"ங்கறாரு சேல்ஸ் தம்பி.

பேப்பர் விஷயத்துல குறை சொல்ல முடியாது. டிடிசிபி (மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர்ற சர்க்கார் துறை) நம்பர், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் ரெண்டும் நோட்டீஸ்லயே போட்டிருந்தாங்க, வேன்ல உக்காந்தே ரெரா சைட்ல தட்டி பாத்தேன், வரைபடம் ஒத்துப்போச்சு. 500 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சு விக்கிறவங்க ரெரா பதிவு இல்லாம விளம்பரமே பண்ணக்கூடாது, அதனால நம்பர் இல்லாத நோட்டீஸ கையில வாங்கின உடனே மடிச்சு ஓரமா வச்சிருங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் சார், விலை பாதி தான்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, அது டிடிசிபி அங்கீகாரம் ஆகாது, 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் அங்கீகாரம் இல்லாத மனை பத்திரம் ஆகுறதே பெரிய பாடு.

சர்வே நம்பர் கேட்டேன், அங்க தான் தம்பி கொஞ்சம் இழுத்தாரு, "புக்கிங் போட்டதும் லீகல் ஃபைல் தருவோம் சார்". அதெல்லாம் வேணாம், சர்வே நம்பரும் உட்பிரிவு நம்பரும் மட்டும் குடுங்கன்னு நின்னு வாங்கிட்டோம். அது இருந்தா வில்லங்கம் (அந்த இடத்து மேல பதிவான பத்திரம், அடமானம் விவரம்) நீங்களே பதிவுத்துறை சைட்ல காசில்லாம பாத்துக்கலாம், 30 வருஷத்துக்கு பாருங்க, உட்பிரிவு ஆன இடம்னா பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த பழைய நம்பர்லயும் ஒரு தடவை போட்டு பாருங்க, இல்லன்னா பழைய அடமானமோ பாகப்பிரிவினையோ கண்ணுல படாம போயிரும். வில்லங்கம் சுத்தமா வந்துருச்சுன்னு அதோட நிறுத்திடாதீங்க, பதிவு ஆகாத உயிலு, கோர்ட்டு கேஸு இதெல்லாம் அதுல வரணும்னு இல்ல, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா (பட்டியல் சாதி மக்களுக்கு சர்க்கார் குடுத்தது), பூமிதான நிலமா (தானமா வாங்கி ஏழைங்களுக்கு குடுத்தது)ன்னு அ-பதிவேடு, அதாவது கிராம நிலக் கணக்கு பாத்து, தாய் பத்திரம் (முந்தைய ஓனருங்களோட பழைய பத்திரம்) எல்லாம் நீங்களா புடிச்ச வக்கீல்கிட்ட காட்டுங்க. கம்பெனி வக்கீல் ஒப்பீனியன் ஃப்ரீயா தான் குடுப்பாங்க, அவரு கம்பெனிக்கு வக்கீல், உங்களுக்கு இல்ல.

இப்ப சைட்டுக்கு வருவோம். ஆர்ச்சுல இருந்து வேன் நிக்கிற எடம் வரைக்கும் பளபளன்னு தார் ரோடு, அதத் தாண்டி செம்மண்ணு. இபி போஸ்ட் வரிசையா நிக்குது, அண்ணாந்து பாத்தா கம்பி இல்ல. ப்ளான்ல பார்க்னு பச்சையா போட்ட எடத்துல ஒரு சறுக்குமரம், சுத்தி முழங்கால் உயரத்துக்கு புல்லு. இதெல்லாம் எப்ப முடிப்பீங்கன்னு கேட்டா தேதி வரல, ரெராவுல முடிக்கிற தேதின்னு ஒண்ணு அவங்களே எழுதி குடுத்திருப்பாங்க, அத பாத்துட்டு கேளுங்க, பதில் சொல்ற தோரணையே மாறும். தண்ணி நிக்குமான்னு அவங்கள கேக்காதீங்க, ரோடு முனை டீக்கடையில கேளுங்க. அந்த அக்கா "கார்த்திகை மாசம் வந்து பாருங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க.

விலை சதுர அடி 1,500, 1,200 சதுர அடி மனை, ஆக 18 லட்சம். முழு விலைக்கும் பத்திரம் போட்டா 7% முத்திரைத்தாள், 2% பதிவுக் கட்டணம், அது 1,62,000. "பொண்ணுங்க பேர்ல வாங்கினா 1% கம்மி சார்"னாரு தம்பி, உண்மை தான், 2025 ஏப்ரல்ல வந்த சலுகை, ஆனா 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்கு தான், இந்த மனைக்கு எப்படிங்க வரும்? அடுத்து மெதுவா "கைடுலைன் வேல்யூவுக்கு 6 லட்சம்னு போட்டுக்கலாம், மீதி கேஷ்"ன்னாரு. கைடுலைன் வேல்யூன்னா பத்திரப் பதிவுக்கு சர்க்கார் வச்சிருக்கற மதிப்பு. வேணாம். இடம் விக்கிறவங்க 20,000மோ அதுக்கு மேலயோ கேஷ்ல வாங்குறதே வருமான வரி சட்டப்படி தப்பு, அது போக நாளைக்கு நீங்க 20 லட்சத்துக்கு விக்கும்போது பேப்பர்ல உங்க அடக்கம் 6 லட்சம் தான், மீதி 14 லட்சமும் லாபக் கணக்கு, அதுக்கு 12.5% வரின்னா 1,75,000. இன்னிக்கு பத்திர செலவுல மிச்சம் புடிச்சத விட அது ஜாஸ்தி. புக்கிங்க்கு தங்கக் காசு தர்றாங்க, அதுக்காக அவசரப்பட்டு பெரிய அட்வான்ஸ் குடுக்காதீங்க, ரெரா சட்டப்படி பதிவு பண்ண அக்ரிமென்ட் இல்லாம 10%க்கு மேல அவங்க வாங்கவே கூடாது.

இதெல்லாம் கூட நிறைய பேருக்கு தெரியும். யாரும் கேக்காத கேள்வி, இத திருப்பி யாருகிட்ட விப்பீங்க?

ஃபேஸ் 1ல, அதாவது கம்பெனி முதல்ல பிரிச்சு வித்த பகுதியில, ஒரு மனையில சின்ன தகரம், "இந்த இடம் விற்பனைக்கு"ன்னு கையெழுத்துல ஒரு போன் நம்பரு. அங்கயே நின்னு கூப்பிட்டேன். தாம்பரத்துல இருக்கற ரிட்டயர்டு ஆளு, கம்பெனி ரேட்ட விட சதுர அடிக்கு 200 கம்மியா தர்றேங்கறாரு, ஆள் வரல. எப்படி வருவாங்க? பக்கத்துலயே ஃபேஸ் 2 ஓடுது, அங்க வேன் இருக்கு, சாப்பாடு இருக்கு, லோன் ஏற்பாடு இருக்கு, தங்கக் காசு இருக்கு, அவருகிட்ட தகரம் தான் இருக்கு. நீங்க வாங்கின அடுத்த நிமிஷத்துல இருந்து உங்களுக்கு போட்டியே உங்களுக்கு வித்த கம்பெனி தான். அவங்க எல்லா ஃபேஸும் வித்து முடிச்சு, நாலு வீடாவது வந்து விளக்கு எரியுற வரைக்கும் உங்க மனைய ஒருத்தரும் திரும்பி பாக்க மாட்டாங்க. அதுவரைக்கும் வாடகையும் கிடையாது, ஆடு தான் மேயும்.

"அஞ்சு வருஷத்துல டபுள்"னாரு தம்பி. செலவோட 19,62,000 போட்டிருக்கோம், அதே காசு பேங்க் எஃப்டியில 7%ல கெடந்தா அஞ்சு வருஷத்துல சுமார் 27.5 லட்சம், அதாவது சதுர அடி 2,300க்கு வித்தா தான் எஃப்டிய தொடவே முடியும், புரோக்கர் கமிஷன் தனி. ஃபேஸ் 1 காரரு 1,300க்கே ஆள் தேடிட்டு இருக்காரு.

பத்து வருஷம் கழிச்சு அங்க வீடு கட்டி போய் இருக்கப் போறேன்னா இது மோசமான இடம் இல்ல, பேப்பர் சுத்தம், அதுக்கு தான் 3. வித்து லாபம் பாக்கணும்னா எனக்கு வேணாம். சித்தப்பா பையன்கிட்ட அங்கயே சொல்லிட்டேன், அவன் இப்ப கூடுவாஞ்சேரி பக்கம் வீடுங்க நடுவுல 600 சதுர அடி ரீசேல் மனை ஏதாவது அமையுமான்னு பாத்துட்டு இருக்கான், சின்னதா இருந்தாலும் நாளைக்கு கேக்க ஆளு இருக்கும்.