ஆறங்குல ஸ்பைடர்மேன்: ஹாஸ்ப்ரோவா, ஜப்பான் இறக்குமதியா?

அமெரிக்கக் கடைகளில் ஹாஸ்ப்ரோவின் மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசை ஃபிகர் (கை கால் மூட்டுகள் அசையும் பொம்மை) ஒன்று சுமார் 25 டாலர். அதே ஸ்பைடர்மேனை ஜப்பான் கம்பெனிகளான பண்டாயின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் வரிசையிலோ மெடிகாமின் மாஃபெக்ஸ் வரிசையிலோ வாங்கப் போனால் மூன்று மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல். ‘ஜப்பான் சரக்கு’ என்று பேர்தான். பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு தரப்பும் பெரும்பாலும் சீனாவிலோ வியட்நாமிலோ வார்த்தவை. பிளாஸ்டிக்கும் பிவிசி, ஏபிஎஸ் என்று ஒரே வகையறா. கூடுதல் காசு போவது மூட்டுக்கும் உதிரிக்கும்.

ஃபிகுவார்ட்ஸில் தோள்பட்டை நெஞ்சுக்குள் மடங்கி முன்னால் வரும். அதனால் இரண்டு கையையும் சேர்த்து வலை வீசும் நிலையில் வைக்கலாம். லெஜண்ட்ஸில் இந்த மடிப்பு சில வார்ப்புகளில் மட்டும்தான் உண்டு. இடுப்பு விஷயத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பல ஃபிகுவார்ட்ஸ்களில் தொடை மூட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு அப்புறம் காலைத் தூக்க வேண்டும். இழுக்காமல் தூக்கினால் பெயின்ட் உரசிப் போகும், மூட்டும் தளரும். லெஜண்ட்ஸில் அந்தக் கவலை இல்லை, பிடித்துத் திருப்ப வேண்டியதுதான். முழங்கை, முழங்காலில் பளிச்சென்று தெரிந்த ஆணிகளையும் ஹாஸ்ப்ரோ புதிய வார்ப்புகளில் மறைத்துவிட்டது. பழைய ஃபிகரோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணை உறுத்தும்.

மாற்றுக் கைகளில் ஜப்பான் தாராளம்: மூன்று நான்கு ஜோடி வரும். ஆனால் மணிக்கட்டு முளை மெல்லியது. குளிரில் அழுத்திச் செருகினால் முறியும். வெந்நீரில் அரை நிமிடம் அந்த மாற்றுக் கையைப் போட்டு வைத்துவிட்டுச் செருகுங்கள். லெஜண்ட்ஸில் உதிரி குறைவு. பல வரிசைகளில் அதற்குப் பதில் பெரிய ஃபிகர் ஒன்றின் பாகம் தருவார்கள், எல்லா ஃபிகரையும் வாங்கினால்தான் அது முழுசாகும். கெட்டிக்கார வியாபாரம்!

உயரத்தையும் கவனியுங்கள். லெஜண்ட்ஸைவிட ஃபிகுவார்ட்ஸ் பொதுவாக ஓரிரு சென்டிமீட்டர் குட்டை. மெக்ஃபார்லேன், நெக்கா என்ற வேறு அமெரிக்கக் கம்பெனிகளின் ஏழங்குல ஃபிகர்கள் சுமார் 18 செ.மீ. மூன்றையும் ஒரே தட்டில் நிறுத்தினால் அப்பா, அண்ணன், தம்பி மாதிரி இருக்கும்.

கோளாறுகள் எந்தத் தரப்பானாலும் ஒன்றுதான். பெயின்ட் மூட்டுக்குள் கசிந்து இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் சூடுகாட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள். பெட்டியிலேயே கால் வளைந்து வந்தால், கொதித்து இறக்கிய நீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் விடுங்கள். சூடு ஆறுவதற்கு முன் பிடியை விட்டால் பழையபடி வளையும். மூட்டு தளர்ந்திருந்தால் உருண்டையில் வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகத் தடவி, காயும்வரை அவ்வப்போது அசையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நெயில் பாலிஷ் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை அரிக்கும்.

நாளும் எடுத்து நிலை மாற்றுகிறவர், குழந்தை உள்ள வீடு என்றால் லெஜண்ட்ஸ்தான். படம் எடுக்கிறவர் ஃபிகுவார்ட்ஸுக்குப் போகலாம், ஆனால் ஃபிகரை நிறுத்திவைக்கும் தாங்கி பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மாஃபெக்ஸிலும், இன்னொரு ஜப்பான் வரிசையான ஃபிக்மாவிலும் அது பொதுவாகப் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும்.