பிக்சல் 8ஏ-வில் பாலிடோபியா: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கேம் விளையாட போன் தேடுகிறவர்கள் முதலில் சிப்பைத்தான் பார்ப்பார்கள். துப்பாக்கிச் சண்டைக்கும் கார் பந்தயத்துக்கும் அது சரி. முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கைக்குள் அடங்கும் அளவு, தொட்ட கட்டத்தைத் தவறாமல் பிடிக்கும் திரை, பாதியில் விட்டுப் போனாலும் தாங்கும் பேட்டரி, இவைதான் அங்கே முக்கியம். கூகுள் பிக்சல் 8ஏ-வும் அப்படியொரு வியூக விளையாட்டான ‘தி பேட்டில் ஆஃப் பாலிடோபியா’வும் நன்றாகப் பொருந்துகிற ஜோடி. சில செட்டிங்குகளை மட்டும் முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

போன் 2024 மே மாதம் வந்தது. இந்தியாவில் 128 ஜிபி மாடலின் அறிமுக விலை 52,999 ரூபாய். 6.1 அங்குல ஓஎல்இடி திரை, டென்சர் ஜி3 சிப், 8 ஜிபி ரேம், 188 கிராம் எடை. பாலிடோபியாவை நேர்வாக்கில் பிடித்து ஒரே கையால் ஆடலாம் என்பதால் இந்த அளவு பெரிய வசதி. முன்பக்கக் கண்ணாடி கொரில்லா கிளாஸ் 3. அது பழைய தலைமுறை, எனவே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டாமல் பையில் போடாதீர்கள். மெமரி கார்டு போட இடமில்லை. கேமராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நன்றாகவே இருக்கிறது.

முதலில் தொந்தரவு தருவது பேக் ஜெஸ்சர். வரைபடத்தை நகர்த்த விரலைத் திரையின் ஓரத்திலிருந்து இழுத்தால், போன் அதைப் ‘பின்னால் போ’ என்று எடுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ‘நேவிகேஷன் மோடு’ என்று தேடுங்கள். ஜெஸ்சர் நேவிகேஷனுக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் இடது, வலது ஓரங்களின் உணர்திறனைத் தனித்தனியாகக் குறைக்கலாம். இரண்டையும் கடைசி வரை குறைத்துவிடுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் மூன்று பட்டன் முறைக்கு மாறுவதுதான் வழி. பாலிடோபியாவில் நகர்த்திய படையைத் திரும்பப் பெற வழி கிடையாது. கை தவறி ஒரு கட்டம் மாறினாலும் அந்த முறை போனது போனதுதான். படை நிற்கும் கட்டத்தை ஒரு தடவை தொட்டால் படை தேர்வாகும், இன்னொரு தடவை தொட்டால் அதன் கீழுள்ள நிலம் தேர்வாகும். நெருக்கமான இடங்களில் இரண்டு விரலால் பெரிதாக்கிவிட்டுத் தொடுவது நல்லது.

பேட்டரி 4,492 எம்ஏஎச். இந்த விளையாட்டு சிப்பை அதிகம் வாட்டாது. மின்சாரத்தில் பெரும்பங்கு திரைக்குத்தான் போகிறது. அசைவுகளை வழுவழுப்பாகக் காட்டும் ஸ்மூத் டிஸ்ப்ளேயை அணைத்தால் திரை 60 ஹெர்ட்ஸில் நிற்கும், கட்டம் கட்டமாக நகரும் ஆட்டத்தில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை. தனியாக ஆட இணையமே வேண்டாம். சிக்னல் குறைவான ரயில் பயணத்தில் ஏரோபிளேன் மோடு போட்டு ஆடினால் சூடும் குறையும், சார்ஜும் நிற்கும். ஸ்கோர், ஸ்டார் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு), முறை எண்ணிக்கை மூன்றும் திரையின் மேற்புறம் அசையாமல் நிற்பவை. அவற்றின் தடம் ஓஎல்இடி திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடாமலிருக்க வெளிச்சத்தை அடாப்டிவ்வில் (சுற்றுப்புற ஒளிக்கேற்பத் தானாக மாறும்படி) விடுங்கள்.

சார்ஜிங் 18 வாட்தான், இந்த விலைக்கு இது மெதுவே. பெட்டியில் சார்ஜர் வராது. வீட்டில் கிடக்கும் வேறு கம்பெனியின் ‘ஃபாஸ்ட்’ சார்ஜரை மாட்டினால் அந்த வேகம் கிடைக்காமல் போகலாம், யூஎஸ்பி பவர் டெலிவரி உள்ள டைப்-சி சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி செட்டிங்கில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. ஏழு வருஷ அப்டேட் உறுதி தரப்பட்ட போன் இது. அத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறவர் அந்த வரம்பை முதல் நாளே போட்டுவிட வேண்டும்.

இனி விளையாட்டு. ஸ்வீடனின் மிட்ஜிவான் என்ற சிறிய நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. ஷின்-ஸி, இம்பீரியஸ், பார்டூர், ஊமாஜி ஆகிய நான்கு இனங்கள் இலவசம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு பார்டூர்தான் சரி, வேட்டைத் தொழில்நுட்பம் கையோடு வருகிறது. தொடக்கத்தில் 5 ஸ்டார் இருக்கும், ஒரு விலங்கை வேட்டையாட 2 ஸ்டார். தலைநகர எல்லைக்குள் இரண்டு விலங்கு இருந்தால் முதல் முறையிலேயே நகரம் இரண்டாம் நிலைக்கு ஏறிவிடும். அப்போது ‘வொர்க்‌ஷாப்பா, எக்ஸ்ப்ளோரரா’ என்று கேட்கும். வரைபடம் திறந்துகொள்ளும் ஆசையில் பலரும் எக்ஸ்ப்ளோரரை எடுக்கிறார்கள். வொர்க்‌ஷாப்பை எடுங்கள். நகரம் நிலை ஏறியதும் இதுவும் சேர்ந்து, முறைக்கு 2 ஸ்டாராக இருந்த வருமானம் 4 ஆகிவிடும். முப்பது முறை ஆடும் பெர்ஃபெக்‌ஷன் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் ஸ்டார் கடைசி வரை வந்துகொண்டே இருக்கும்.

பலரும் தோற்பது தொழில்நுட்ப விலையில். முதல் அடுக்குத் தொழில்நுட்பம் ஒன்றின் விலை நகரங்களின் எண்ணிக்கையோடு 4 கூட்டினால் வருவது. இரண்டாம் அடுக்குக்கு நகர எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியும், மூன்றாம் அடுக்குக்கு மும்மடங்காக்கியும் 4 கூட்ட வேண்டும். ஒரே நகரம் இருக்கையில் 5, 6, 7. நான்கு நகரம் ஆனதும் அதுவே 8, 12, 16. ஆகவே கிராமத்தின் மேல் படை நிற்கும்போது, கைப்பற்றும் பட்டனைத் தொடுவதற்கு முன்பே வாங்க வேண்டிய தொழில்நுட்பத்தை வாங்கிவிடுங்கள். தொட்டு முடித்த அடுத்த நொடியே கிராமம் உங்கள் நகரமாகி விலை ஏறியிருக்கும். கிராமம் பிடிப்பதை மட்டும் இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், நகரம்தான் வருமானம்.

சண்டையில் எதிரியைச் சாகடிக்கும் அடிக்குப் பதிலடி கிடையாது. அதனால் தூரத்திலிருந்து வில்லாளிகளை விட்டுக் காயப்படுத்திவிட்டு, கடைசி அடியை வாள்வீரனுக்கு வையுங்கள். கொன்ற கட்டத்துக்கு அவன் தானாக நகர்ந்துவிடுவான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முன்னே போய்த் தனியாக மாட்டிக்கொள்ளும் வீரன் அடுத்த முறையில் செத்துப்போவான்.

போனில் ஆன்லைனில் ஆட, குறைந்தது ஒரு இனத்தையாவது காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் 24 மணிநேரம் தரும் ஆட்டங்களில் உங்கள் முறை வந்ததை நோட்டிஃபிகேஷன்தான் சொல்லும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்த ஆப் பின்னணியில் இயங்குவதைத் தடுத்துவிட்டால் அது நேரத்துக்கு வராமல் போகலாம். நேரம் தாண்டினால் எதிராளி உங்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றலாம். ஆப் இன்ஃபோவுக்குப் போய் பேட்டரிப் பயன்பாட்டை ‘ஆப்டிமைஸ்ட்’ நிலையிலேயே விட்டுவையுங்கள்.