கிளிநொச்சியில் வெட்டும் எபிரேயப் பெயர்ப்பலகை: 'சாமுவேல்'

ஞானஸ்நானப் பரிசாகக் கொடுக்க ஏற்ற பலகை இது. ஏ9 வீதியோரக் கடையொன்றில் லேசரில் வெட்டித் தருகிறார்கள். 12 அங்குல நீளம், 5 அங்குல உயரம். மேலே எபிரேய எழுத்து, நடுவில் தமிழ்ப் பெயர், அடியில் பொருள்.

மரவேலையில் குறை சொல்ல இடமில்லை. தேக்கில் கேளுங்கள். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மலிவுதான், ஆனால் மாரி காலத்தில் ஈரச் சுவரில் தொங்கினால் விளிம்பு ஊதிவிடும்.

கவனிக்க வேண்டியது எழுத்தை. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். சில டிசைன் மென்பொருளில் ஒட்டியதுமே வரிசை தலைகீழாகிவிடும். இதைப் பிடிக்க எபிரேயம் தெரியவேண்டியதில்லை. சாமுவேலுக்கு ஐந்து எழுத்து: ஷின், மேம், வவ், ஆலெப், லாமேத். மூன்று கிளையுள்ள ஷின் வலது கோடியில் நிற்கவேண்டும். வரிக்கு மேலே தலை நீட்டும் ஒரே எழுத்தான லாமேத் இடது கோடியில் இருக்கவேண்டும். தானியேல், இம்மானுவேல், கபிரியேல் என்று 'ஏல்' முடிவுள்ள பெயர் எதுவானாலும் லாமேத் இடது கோடியில்தான். வெட்ட முதல் மாதிரிப் படத்தை வட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். உயிரொலியைக் காட்ட எழுத்தோடு சேர்க்கும் உயிர்க்குறிப் புள்ளிகள் வேண்டாம். சிறிய எழுத்தில் வார்னிஷ் அவற்றை அடைத்துவிடும். யூதரின் வேதமான தோராச் சுருளே புள்ளியில்லாமல்தான் எழுதப்படுகிறது.

பெரிய பிழை பொருள் வரியில். கடையின் மாதிரியில் 'கடவுள் கேட்டார்' என்றிருக்கிறது. 1 சாமுவேல் 1:20இல் பிள்ளையைக் கர்த்தரிடம் கேட்டுப் பெற்றதாகச் சொல்பவள் சாமுவேலின் தாய் அன்னாள். தமிழில் வேண்டுவதும் கேட்பதுதான், காதுகொடுப்பதும் கேட்பதுதான். எபிரேயத்தில் அவை வேறு வேறு சொற்கள். வேண்டுவது ஷாஅல், அது சவுல் ராஜாவின் பெயருக்கே நேராகப் பொருந்தும். காதுகொடுப்பது ஷாமா, அதற்கு ஆயின் என்ற எழுத்து வேண்டும். இஸ்மவேல் என்ற பெயரில் ஆயின் உண்டு, கர்த்தர் காதுகொடுத்ததே அந்தப் பெயருக்குக் காரணம் என்று ஆதியாகமம் 16:11 சொல்கிறது. சாமுவேலில் அது இல்லை. எழுத்தின்படி ஷேம் என்றால் பெயர், ஏல் என்றால் கடவுள். ஆகவே 'இறைவனின் நாமம்' என்று போடச் சொல்லுங்கள். அன்னாளின் வேண்டுதலையும் விடக்கூடாது, அவளுடைய கண்ணீர்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. வசன எண்ணைக் கீழே சிறிதாகச் சேர்க்கலாம். எழுதிக் கொடுத்தால் கொடுத்தபடியே வெட்டுகிறார்கள், மறுப்பதில்லை.

மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்துக்கு பஸ்ஸில் போட்டுவிடுகிறார்கள். மூலைகளுக்கு ரெஜிபோம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.