அப்பாவின் திங்க்பேட் டி42: ரிச்சி தெருவில் ஏழு வாரம்

அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காங்கேயம், தாராபுரம் பக்கம் மாட்டு நிறங்களுக்கும் கொம்பு வாகுக்கும் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் சுழிகளுக்கும் வழங்குகிற பெயர்களை ஐந்து வருடம் விடாமல் தட்டச்சு செய்து வைத்தார். மயிலை, செவலை, காரி என்று ஆரம்பிக்கும் அந்தப் பட்டியல் முழுக்க ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது. 2007இல் பழசாக வாங்கிய ஐபிஎம் திங்க்பேட் டி42. 2004இல் வந்த மாடல். மின்வெட்டு ராத்திரிகளில், திரையின் மேல் விளிம்பில் இருக்கும் குட்டி விளக்கு கீபோர்டின் மேல் விழ, அந்த வெளிச்சத்திலேயே எழுதுவார். 2012க்குப் பிறகு அது பீரோவுக்குள் போய்விட்டது. போன வருடம் அப்பா காலமானார்.

எடுத்துப் பார்த்தபோது சில முறை திரை கோடு கோடாக வந்தது. சில முறை 'ஃபேன் எரர்' என்று காட்டிவிட்டு அணைந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

நரசிங்கபுரம் தெரு முனையிலிருந்து ஒரு சந்து, இரண்டாவது மாடி. பெயர்ப் பலகை கிடையாது. இருக்கிற வேலையே அதிகம், பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. பழைய மடிக்கணினிகள் மட்டும்தான் பார்க்கிறார். மேசையில் ஐபிஎம் வெளியிட்ட பழுதுபார்ப்புக் கையேடு ஸ்பைரல் போட்டு இருக்கிறது. எந்தத் திருகு முதலில், எந்த உறுப்புக்கு என்ன எண் என்பதெல்லாம் அதில் உண்டு.

அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், உங்களுக்கு மிஷின் வேணுமா, உள்ள இருக்கிற ஃபைல் வேணுமா?"

ஃபைல் போதும் என்றேன்.

என் முன்னாலேயே ஹார்டு டிஸ்கைக் கழற்றினார். 44 ஊசி உள்ள பழைய ஐடிஇ வகை, 40 ஜிபி. பழுது எதையும் தொடுவதற்கு முன் டிஸ்கைப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் முறை. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் போட்டார். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். தேய்ந்த டிஸ்க் எப்போது நின்றுபோகும் என்று தெரியாது, அதனால் இந்த வரிசை முக்கியம். வேறெதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே இவரிடம் போகலாம்.

மூன்றாம் நாள் பென் டிரைவ் கைக்கு வந்தது. என் கணினியில் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. அப்பா பயன்படுத்தியது அந்தக் காலத்தில் சிடியில் வந்த ஒரு தமிழ் மென்பொருள். சேமிக்கும் வடிவம் அதற்கென்றே உள்ளது, எழுத்தும் இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் இல்லை, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம் குறியீடு. அந்த சிடி வீட்டில் எங்கேயும் இல்லை. மறுபடி மாடி ஏறினேன்.

"அப்போ மிஷினும் வேணும்" என்றார்.

கோடு விழுவதற்குக் காரணம் திரையில் படம் காட்டும் ரேடியான் கிராபிக்ஸ் சிப்புக்கு அடியில், அதை மதர்போர்டுப் பலகையோடு இணைக்கும் சால்டர் உருண்டைகளில் விரிசல். ஒரு மூலையை மட்டும் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கி, பலகை லேசாக வளைந்து வளைந்து இது வருமாம். அப்பா எப்போதும் அப்படித்தான் தூக்குவார். கடைக்காரர் சொன்னதும் அப்பாவின் கை கண்முன் வந்தது. சூடு காட்டி மட்டும் விட்டால் சில மாதத்தில் திரும்பி வரும் என்று சொல்லி, சிப்பையே எடுத்து, பழைய சால்டரைச் சுத்தம் செய்து, புது உருண்டைகள் பதித்து மறுபடி வைத்தார். 183 டிகிரியில் உருகும் ஈயக் கலவை. ஈயம் இல்லாததற்கு 217 டிகிரி வரை வேண்டும், இருபது வருடப் பலகைக்கு அவ்வளவு சூடு வேண்டாம் என்றார்.

ஃபேன் மாற்றினார். பழைய டிஸ்குக்குப் பதிலாக ஐடிஇ அடாப்டரில் 64 ஜிபி எம்சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சின்ன டிஸ்க்) போட்டு, அப்பாவின் விண்டோஸ் எக்ஸ்பியை அப்படியே அதில் இறக்கினார். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, இணையத்தில் இணைக்காதீர்கள் என்று வைஃபையையும் அணைத்துக் கொடுத்தார். மடிக்கணினியின் பெரிய பேட்டரியைத் தொடவில்லை. செல் மாற்றினாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் பூட்டிக்கொள்ளலாம், பணம் வீண் என்றார். போட்டவுடன் திரை சற்றுச் சிவந்து தெரிகிறது. பின்விளக்குக் குழாய்க்கு வயதாகிவிட்டது. எரிகிறவரை விடுங்கள் என்றார், விட்டுவிட்டேன். மூடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுத்திருந்ததைத் துடைத்தார். கை வைக்கும் இடத்துத் தேய்மானத்தை மட்டும் அப்படியே விடச் சொன்னேன்.

மொத்தம் 6,800 ரூபாய். சிப் வேலைக்கு 3,500, எஸ்எஸ்டியும் அடாப்டரும் 1,600, ஃபேன் 900, சுத்தம் செய்ய 650, உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி 150. கழற்றிய ஃபேனையும் பழைய டிஸ்கையும் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

குறையும் உண்டு. மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது. போன் எடுப்பதே இல்லை, நேரில் போனால்தான் பதில். இரண்டு முறை அம்பத்தூரிலிருந்து வீணாக வந்து போனேன். கேட்ட பிறகுதான் தாளில் கணக்கு எழுதித் தந்தார். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிக்கட்டு ஆகாது.

இப்போது தினமும் ராத்திரி ஒரு ஃபைலாகத் திறந்து, வெறும் உரையாகச் சேமித்து, யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். சுழிகளைக் குறிக்க அப்பா வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்ட குறிகள் மாற்றும்போது தமிழ் எழுத்தாகிக் குழம்பிவிடுகின்றன. எந்தக் குறி எந்தச் சுழி என்று பழைய திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் திருத்த முடிகிறது. இன்னும் நாற்பது ஃபைல் பாக்கி.

போகிறவர்கள் ஞாயிறு தவிர்த்து, மதியத்துக்குப் பிறகு போங்கள். கணினியோடு வந்த சார்ஜரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். டி42க்கு 16 வோல்ட், பிற்கால திங்க்பேட்களின் 20 வோல்ட் சார்ஜர் ஆகாது.