மந்திரக்கோலா, நெடுந்தடியா?

திருகோணமலை உவர்மலையில் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பகடை உருட்டும் கதாபாத்திர விளையாட்டை ஆடும் தம்பிமார், அதன் 2008இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் மந்திரவாதிப் பாத்திரத்துக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்று கேட்கிறார்கள்.

தாக்குதல்: கோல் ஏந்தியவர் மோதலுக்கு ஒருமுறை, தாக்க உருட்டும் ஒரேயொரு பகடை வீச்சுடன் தமது சுறுசுறுப்பின் மிகைமதிப்பை (அத்திறனுக்கேற்பக் கிடைக்கும் கூடுதல் எண்ணை) கூட்டலாம். தடியில் இது இல்லை.

தற்காப்பு: தடி கையிலிருக்கும்வரை கவச மதிப்பை (அடி படாமல் காக்கும் எண்ணை) 1 உயர்த்துவதோடு, சேதம் எவ்வளவு என்று ஆட்டத்தை நடத்துபவர் சொன்ன பிறகும்கூட, மோதலுக்கு ஒருமுறை ஒரு தாக்குதலுக்கு எதிராக உடலுறுதியின் மிகைமதிப்பைச் சேர்க்க இடம் தருகிறது, எனக்கு இதுவே பெரிய சலுகையாகப் படுகிறது.

மந்திரம்: 10 கட்டத் தொலைவிலிருந்து ஒருவரை மட்டும் குறிவைக்கும் ‘ரே ஆஃப் ஃப்ரோஸ்ட்’ என்ற உறைபனிக்கதிர் மந்திரத்துக்குக் கோலே ஏற்றது. பலரை ஒரேநேரத்தில் தாக்கும் ‘தண்டர்வேவ்’ என்ற இடியலை மந்திரம் நம்மை எதிரிகளுக்கு அருகே நிற்க வைப்பதாலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பகடை உருட்டும்போது கோலின் உதவி ஒருவரோடு தீர்ந்துவிடுவதாலும், அதற்குத் தடியையே எடுக்க வேண்டும்.