மஞ்சளா, ஸ்நோடிராப்பா, பூனைக்காலியா?

மறதி நோய்க்கு மஞ்சள் நல்லது என்று கேள்விப்படாதவர் குறைவு. ஆனால் அல்சைமருக்கு டாக்டர்கள் சீட்டில் எழுதித் தரும் தாவர மருந்து எது என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். அதன் பெயர் கேலன்டமைன். ஸ்நோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. 1950களில் சோவியத் ஒன்றியத்திலும் பல்கேரியாவிலும் பிரித்தெடுத்தார்கள். முதலில் நரம்பு, தசைக் கோளாறுகளுக்குப் பயன்பட்டு, 2001இல்தான் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கேலன்டமைன் செய்வது முக்கியமாக ஒரே வேலை. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் அல்சைமரில் குறைந்துபோகிறது. அதைச் சிதைக்கும் நொதியை இந்த மருந்து தடுப்பதால், இருப்பது கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். அவ்வளவுதான். நரம்பணுக்கள் சாவதை அது நிறுத்தாது. குமட்டல், எடை குறைதல், நாடித்துடிப்பு மெதுவாதல் போன்ற தொல்லைகளும் உண்டு.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளோ, சோதனைக்குழாயில் எல்லா வேலையும் செய்கிறது. அல்சைமரில் மூளையில் சேரும் அமைலாய்டு புரதக் கட்டியைக் கரைக்கிறது, அழற்சியைக் குறைக்கிறது, இன்னும் என்னென்னவோ. எனக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். மருந்து வேதியியலாளர்கள் 2017இல் எழுதிய விரிவான அலசல் ஒன்று, குர்குமின் நிலையற்ற மூலக்கூறு, பல சோதனைகளில் வேலை செய்யாமலே செய்வதுபோலப் பொய்யான சமிக்ஞை தரக்கூடியது என்று காட்டியது. அப்புறம், விழுங்கினால் இரத்தத்தில் சேருவது சொற்பம். 2012இல் 36 அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம், நாளுக்கு 4 கிராம் வரை கொடுத்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. எளிதில் உடலில் சேரும்படி தயாரித்த குர்குமினை, டிமென்ஷியா (மறதி நோய்) இல்லாத 40 பேருக்கு 18 மாதம் கொடுத்த 2018 ஆய்வில் நினைவாற்றல் கூடியது உண்மை. ஆனால் 40 பேரை வைத்து ஊருக்கெல்லாம் மாத்திரை விற்க முடியாது (விற்கிறார்கள், அது வேறு விஷயம்). குர்குமின் இரத்தத்தில் கூடுதலாகச் சேர மிளகுச் சத்தையும் கலப்பார்கள். அது மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும்.

நினைவாற்றலுக்கு என்று விற்கும் கின்கோ மரத்தின் இலைச் சத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3,069 முதியவர்களிடம் சுமார் ஆறு ஆண்டுகள் சோதித்து 2008இல் முடிவைச் சொன்னார்கள்: டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை.

சரி, பூனைக்காலிக் கொடிக்கு வருவோம். இது பார்க்கின்சன் என்ற நடுக்க நோயின் பக்கம். இதன் விதையில் இருப்பது லெவோடோபா. பார்க்கின்சனுக்குத் தரும் மாத்திரையில் இருக்கும் அதே மூலக்கூறுதான், வேறொன்று அல்ல. மூளைக்குள் போய், பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறும். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு 30 கிராம் விதைப்பொடியையும் வழக்கமான மாத்திரையையும் வெவ்வேறு நாளில் கொடுத்து ஒப்பிட்டார்கள். பொடி சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்தது, மாத்திரைக்கு ஏறக்குறைய 69 நிமிடம் ஆனது. பொடியின் பலன் நீடித்ததும் அதிகம்.

என் கணக்கில் மஞ்சளையும் கின்கோவையும்விட இதுதான் பலசாலி. ஆனாலும் மாத்திரையின் இடத்தை இதற்குக் கொடுக்க மாட்டேன். மாத்திரையில் கார்பிடோபா சேர்ந்திருக்கிறது. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே டோபமைனாக மாறி வீணாவதை அது தடுக்கிறது. பொடியில் அந்தக் காவல் இல்லாததால் அதிக அளவு தேவைப்படும், குமட்டும். விதைக்கு விதை லெவோடோபாவின் அளவும் மாறும். மாத்திரையோடு சேர்த்துப் பொடியையும் சாப்பிடுவதுதான் மோசம். மூலிகைதானே என்று நோயாளி அதைச் சொல்லாமல் விட்டால், லெவோடோபா மிகுந்து கை கால் தானாக நெளிந்து ஆடும்போது அது ஏன் என்று டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.